முகப்பில் எந்த எண்? திறமூலத் திட்டங்கள் தங்கள் சமூகத்தைக் கணக்குச் சொல்லும் வழிகள்

நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள் ஒன்றின் முகப்புப் பக்கத்தைத் திறந்தால், பெயருக்கும் பதிவிறக்கப் பொத்தானுக்கும் கீழே பெரும்பாலும் ஓர் எண் வரிசை இருக்கும். 50,000+ பயனர்கள், 1,200+ பங்களிப்பாளர்கள், 90+ நாடுகள் என்கிற மாதிரி. எண் பெரிய எழுத்தில் இருக்கும், விளக்கம் சின்ன எழுத்தில். அது எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது, யாரையெல்லாம் சேர்த்தது என்று கேட்டால் திட்டத்தில் இருப்பவர்களுக்கே பல சமயம் பதில் தெரியாது. பக்கத்தை வடிவமைத்தவர் நான்கு பெட்டி வரைந்திருப்பார். கையில் கிடைத்ததை வைத்து யாரோ ஒருவர் நான்கையும் நிரப்பியிருப்பார்.

புதிதாக முகப்பு எழுதுகிறவர்களும் பழையதைத் திருத்துகிறவர்களும் இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பதிவு செய்த கணக்குகளைச் சொல்வதா, பதிவிறக்கத்தைச் சொல்வதா, ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளைச் சொல்வதா, வேலை செய்கிறவர்களைச் சொல்வதா, எண்ணே வேண்டாம் என்று விட்டுவிடுவதா? எல்லாவற்றுக்கும் பெரிய திட்டங்களில் முன்னுதாரணம் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறையக்கூடிய எண்ணைத்தான் முகப்பில் போட வேண்டும். ஏறிக்கொண்டே போகும் எண்ணை வைத்துத் திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. நாளைக்கே எல்லோரும் விட்டுவிட்டுப் போனாலும் அது அப்படியே நிற்கும்.

முகப்பைப் படிக்கிறவர்கள் யார் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இதை நம்பி அலுவலகக் கணினிகளில் போடலாமா, இரண்டு வருடம் கழித்தும் திருத்தம் வருமா என்று பார்க்கிறவர் ஒருவர். நான் ஒரு பிழையைச் சரிசெய்து அனுப்பினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா என்று யோசிக்கிற மாணவர் ஒருவர். நன்கொடையோ மானியமோ கொடுக்கலாமா என்று கணக்குப் பார்க்கிற அதிகாரி ஒருவர். மூவருக்கும் வேண்டியது இன்றைய நிலவரம். தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் எத்தனை பேர் வந்துபோனார்கள் என்பது இவர்களில் யாருடைய கேள்வியும் இல்லை.

பதிவுக் கணக்கு: கிடைப்பது எளிது, பொருள் குறைவு

பதிவு செய்த கணக்குகளின் எண்ணிக்கை தரவுத்தளத்தில் தயாராக இருக்கும். ஒரே ஒரு வினவல் போதும். அதனால்தான் பலரும் அதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இதில் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவை விடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அங்கே பதிவு செய்த கணக்குகள் நாலரைக் கோடிக்கும் மேல். கடந்த 30 நாட்களில் ஏதாவது ஒரு செயல் செய்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். ஏறக்குறைய நானூறு கணக்குக்கு ஓர் ஆள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிக் குறிச்சொல் உண்டு. பக்கத்தில் ஒன்றை எழுதினால் மொத்தக் கணக்குகள் வரும், மற்றொன்றை எழுதினால் 30 நாள் கணக்கு வரும். இரண்டில் எதை எழுதினாலும் உழைப்பு ஒன்றுதான். ஆங்கில விக்கிப்பீடியாவின் முதற்பக்கம் இப்போது கட்டுரை எண்ணிக்கையோடு சேர்த்துக் காட்டுவது அந்தச் சிறிய எண்ணை. நாலரைக் கோடி என்று போட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் போடவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவிலும் இதே குறிச்சொற்கள் வேலை செய்கின்றன. 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய அந்தத் திட்டத்தை ஒரு மாதத்தில் தாங்கிப் பிடிப்பவர்கள் சில நூறு பேர். "ஒரு லட்சம் கட்டுரை" என்பதைக் கேட்டு வியப்பவருக்கு அந்தச் சில நூறைச் சொன்னால்தான், தான் ஒருவர் சேர்ந்தாலும் வித்தியாசம் தெரியும் என்பது உறைக்கும்.

யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் கதையும் இதே திசைதான். 2018 மார்ச் மாதத்தில், வரைபடத்தில் ஒரு முறையாவது திருத்தம் செய்தவர்கள் 10 லட்சம் பேர் ஆகிவிட்டார்கள் என்று அவர்கள் கொண்டாடினார்கள். அப்போதே பதிவுக் கணக்குகள் 40 லட்சத்தைத் தாண்டியிருந்தன. அவர்கள் அந்த 40 லட்சத்தைக் கொண்டாடவில்லை, 10 லட்சத்தைக் கொண்டாடினார்கள். நல்ல தேர்வு என்றுதான் சொல்வேன், ஆனாலும் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள். "ஒரு முறையாவது" என்பதும் ஏறிக்கொண்டே போகும் எண்தான். ஒரு மாதத்தில் உண்மையில் திருத்துகிறவர்கள் சில பத்தாயிரம் பேர்.

கல்யாண வீட்டு மொய் நோட்டில் பெயர் இருப்பவர்களையெல்லாம் பந்தி பரிமாறியவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. முகப்புப் பக்கங்களில் மட்டும் அது சாதாரணமாக நடக்கிறது.

பைத்தான் என்ற நிரல்மொழியின் தொகுப்புகளைச் சேமித்து வைக்கும் பைபிஐ தளத்தின் முகப்பில் நான்கு எண்கள் இருக்கும்: திட்டங்கள், வெளியீடுகள், கோப்புகள், பயனர்கள். நான்கும் சரியான எண்கள்தான். கடைசியில் உள்ள "பயனர்கள்" மட்டும் கொஞ்சம் இடறும். பிப் என்ற நிறுவல் கட்டளையால் ஒரு தொகுப்பை இறக்கிப் பயன்படுத்தக் கணக்கே தேவையில்லை. தொகுப்பை வெளியிட வருகிறவருக்குத்தான் கணக்கு வேண்டும். ஆக அந்த எண்ணில் இருப்பவர்கள் கணக்கு வைத்திருப்பவர்கள் மட்டும். பைத்தானைப் பயன்படுத்தும் உலகத்தில் அவர்கள் ஒரு மூலை. இங்கே எண் உண்மையைவிடச் சிறியது. மற்ற இடங்களில் பெரிது. அடியில் "பதிவு செய்த கணக்குகள்" என்று போட்டிருந்தால் இரண்டு சிக்கலும் இல்லை.

பதிவிறக்கம்: பெரிய எண், சின்னத் தகவல்

காணொளி, பாடல்களை ஓட்டும் விஎல்சி இயக்கி 2019 ஜனவரியில் 300 கோடிப் பதிவிறக்கங்களைத் தொட்டது, 2025 ஜனவரியில் 600 கோடி என்று அறிவித்தது. உலக மக்கள்தொகை சுமார் 800 கோடி. நான்கில் மூன்று பேர் விஎல்சி வைத்திருக்கிறார்கள் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டப் போவதில்லை. ஒரே ஆள் பழைய கணினி, புதுக் கணினி, கைப்பேசி, அப்புறம் ஒவ்வொரு புதிய பதிப்பு என்று எத்தனையோ முறை இறக்கியிருப்பார். விஎல்சி அளவுக்குப் பெயர் பெற்ற மென்பொருளுக்கு இது குற்றமில்லை. இது ஒரு மைல்கல், கொண்டாட்டத்துக்கான எண். சமூகத்தின் அளவு என்று அவர்களும் சொல்லவில்லை.

மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரலாக்க நூலகங்களில்தான் இந்த எண் விபரீதமாகப் போகிறது. ஒரு நிறுவனத்தில் ஒருவர் காலையில் ஒரு வரியைத் திருத்தி அனுப்புகிறார் என்று வையுங்கள். உடனே தானியங்கிச் சோதனை எந்திரம் ஒரு வெற்றுக் கணினியைத் திறக்கும், சார்ந்திருக்கும் தொகுப்புகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கும், சோதனையை ஓட்டும், கணினியைத் தூக்கி எறியும். நான்கு பைத்தான் பதிப்புகளில் சோதிக்கச் சொல்லியிருந்தால் நான்கு முறை இதே வேலை. மதியம் இன்னொரு வரி, மறுபடி நான்கு. மனிதர் ஒருவர், பதிவிறக்கம் எட்டு. இப்படி உலகம் முழுக்க நடப்பதன் கூட்டுத்தொகைதான் பைபிஐ, என்பிஎம், கிரேட்ஸ் ஆகிய தொகுப்புத் தளங்களில் தெரிகிற பதிவிறக்க எண். நேரடியாக யாரும் தேடிவராத ஒரு சின்ன நூலகம்கூட, பிரபலமான இன்னொன்று அதைச் சார்ந்திருந்தால், கோடிக்கணக்கில் இறங்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களில் (லினக்ஸும் மற்ற மென்பொருள்களும் சேர்ந்து வரும் இயங்குதளங்களில்) தொகுப்பாகப் போகும் மென்பொருளின் பதிவிறக்கம் உங்கள் கணக்கில் வராது. உலகெங்கும் உள்ள பிரதித் தளங்களிலிருந்து அது இறங்குகிறது, ஒவ்வொன்றின் பதிவேடும் வேறு ஆள் கையில். அதனால் ஒரே எண் ஒரு பக்கம் ஊதியும் மறுபக்கம் சுருங்கியும் இருக்கும், எந்தப் பக்கம் எவ்வளவு என்று பிரிக்கவும் வழியில்லை. பதிவிறக்கத்தைப் போட்டே ஆக வேண்டும் என்றால் "கடந்த மாதம்" என்று எல்லை கட்டிப் போடுங்கள், "மக்கள்" என்ற சொல்லை அதன் பக்கத்தில் விடாதீர்கள்.

நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பிடித்த திட்டத்துக்குப் பயனர்கள் கொடுக்கும் நட்சத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பணம் கொடுத்து வாங்கலாம், போலி நட்சத்திரங்கள் லட்சக்கணக்கில் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். முகப்பில் அதற்கு வேலை இல்லை.

எத்தனை கணினிகளில் ஓடுகிறது?

இது நேர்மையான கேள்வி. பதில் சொல்வதுதான் கடினம். தனியுரிமையை மதிக்கும் திட்டத்துக்குக் கூடுதல் கடினம், ஏனென்றால் எண்ண வேண்டும் என்றால் பயனரின் கணினி உங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டும்.

இன்னொரு லினக்ஸ் வழங்கலான ஃபெடோரா இதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடித்தமானது. முன்பெல்லாம் புதுப்பிப்புப் பட்டியலைக் கேட்டு வரும் ஐபி முகவரிகளை எண்ணினார்கள். ஒரே இணைப்பின் பின்னால் நூறு கணினிகள் இருக்கும் கல்லூரி ஒன்றாகத் தெரியும். வீடு, அலுவலகம், தேநீர்க் கடை என்று சுற்றும் ஒரு மடிக்கணினி மூன்றாகத் தெரியும். 2019-இல் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அடையாள எண் கொடுக்கலாம் என்று யோசனை வந்தது. அது பயனர்களைப் பின்தொடர வழி செய்துவிடும் என்று எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் ஃபெடோரா 32 முதல் வேறு ஏற்பாடு வந்தது: கணினி வாரத்துக்கு ஒரு முறை, பட்டியலைக் கேட்கும் ஏதோ ஒரு வேண்டுகோளோடு "என்னை எண்ணு" என்று ஒரு சின்னக் குறியைச் சேர்த்து அனுப்பும். அதில் 1 முதல் 4 வரை ஓர் எண் மட்டும் இருக்கும். 1 என்றால் நிறுவி முதல் வாரம், 4 என்றால் ஆறு மாதத்துக்கு மேல். யார் என்று தெரியாது, எத்தனை என்று தெரியும். சோதனைக்காகப் போட்டு அன்றே அழித்த கணினியையும் ஆறு மாதமாக ஓடும் கணினியையும் பிரித்துப் பார்க்கவும் முடியும். ஏறவும் இறங்கவும் கூடிய எண் இது, யாரையும் வேவு பார்க்காமல் கிடைப்பது.

டெபியனின் வழி வேறு. நிறுவும்போதே "தொகுப்புப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சேர்கிறீர்களா" என்று கேட்கும். நாமாக மாற்றாவிட்டால் பதில் "இல்லை". விரும்பிச் சேர்கிறவர்களின் கணக்கு என்பதால் எந்தத் தொகுப்பு எதைவிட அதிகம் என்று ஒப்பிட உதவும், மொத்தம் எத்தனை டெபியன் கணினிகள் என்று சொல்ல உதவாது. டெபியனும் அப்படிச் சொல்வதில்லை. வெளியீட்டு அறிவிப்பில் அவர்கள் பெருமையாகப் போடுவது தொகுப்புகளின் எண்ணிக்கையை: 2023 ஜூனில் வந்த புக்வார்ம் பதிப்பில் 64,419. அது அவர்களே எண்ணக்கூடிய பொருள், ஒன்று கூடாமல் குறையாமல் சொல்லலாம்.

அலுவலக மென்பொருளான லிப்ரேஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் ஆவண அறக்கட்டளை சுமார் 20 கோடிப் பயனர்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. இது மதிப்பீடு. லினக்ஸ் வழங்கல்களோடு சேர்ந்தே வரும் ஒரு மென்பொருளுக்கு இதைவிடத் துல்லியமாகச் சொல்வது சுலபம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். "சுமார்", "மதிப்பீடு" என்ற சொற்கள் கூடவே இருக்கும்வரை அதில் தவறும் இல்லை. அந்தச் சொற்கள் முகப்புக்கு வரும் வழியில் உதிர்ந்துவிடுவதுதான் வழக்கமான விபத்து.

இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் முகப்பு ஆட்களை விட்டுவிட்டு விகிதத்தைப் பிடித்தது: "இணையத்தின் 43 சதவீதம்". ஒரு காலத்தில் அங்கே "6 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தேர்ந்தெடுத்தது" என்ற வாக்கியம் இருந்தது. விகிதத்துக்கு மாறியது ஒரு வகையில் முன்னேற்றம், ஏனென்றால் விகிதம் குறையும். வெளியார் ஒருவர், டபிள்யூ3டெக்ஸ் என்ற ஆய்வுத் தளம், எடுக்கும் கணக்கு அது. எந்தத் தளங்களைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பதற்கு அவர்கள் எழுதி வைத்த விதி உண்டு. வேர்ட்பிரஸ்.காம் தளத்தின் கீழ் துணை முகவரியில் நடக்கும் லட்சக்கணக்கான வலைப்பூக்கள் அதில் மொத்தமாக ஒரே ஒரு தளம். ஆனால் இந்த எண்ணைச் சமூகத்தின் அளவு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பலசரக்குக் கடைக்கு யாரோ ஒருவர் ஒரு நாள் தளம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கடைக்காரருக்கு வேர்ட்பிரஸ் என்ற பெயரே தெரியாது.

பயன்பாடு எவ்வளவு பெரிது என்பதும் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம் என்பதை 2014 ஏப்ரலில் எல்லோரும் பார்த்தோம். ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது, இணையச் சேவையகங்களில் பெரும்பகுதி தங்கள் தகவல் பரிமாற்றத்தை மறையாக்கம் செய்ய நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்தில் முழுநேரமாக இருந்தவர் ஒருவர். ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர். அதுவரை வெளியே தெரிந்தது பயன்பாட்டின் பிரம்மாண்டம் மட்டும். "முழுநேரம்: 1" என்று எங்காவது பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் பணம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னாடியே கையைப் பைக்குள் விட்டிருப்பார்களோ என்று இன்னும் தோன்றுகிறது. ஓட்டை வெளியான அதே மாதத்திலேயே பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நிதி ஏற்பாடு செய்தன. பணம் இல்லாமல் போனதால் வந்த வினை இல்லை அது, யாருக்கும் தெரியாமல் போனதால் வந்தது.

பங்களிப்பாளர்கள்: யாரை எண்ணுவது?

எனக்கு இதுதான் முகப்புக்கு ஏற்ற இனம். ஆனால் சரியாக எண்ணினால் மட்டும்.

நிரலில் நடந்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் ஷார்ட்லாக் என்ற கட்டளையை மின்னஞ்சலும் தெரியும்படி ஓட்டினால் யார் எத்தனை மாற்றங்கள் சேர்த்தார்கள் என்று பட்டியல் வரும். வரிகளை எண்ணிவிட்டு "137 பங்களிப்பாளர்கள்" என்று போட்டுவிடத் தோன்றும். பட்டியலை ஒரு முறை கண்ணால் படித்துப் பாருங்கள். ஒரே ஆள் அலுவலக மின்னஞ்சலில் ஒரு முறை, சொந்த மின்னஞ்சலில் ஒரு முறை, கிட்ஹப் தானாகக் கொடுக்கும் மறைமுக முகவரியில் ஒரு முறை என்று மூன்று வரியாக நிற்பார். தமிழ்ப் பெயர்களில் இது கூடுதலாக நடக்கும்: இனிஷியல் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, இனிஷியலே இல்லாமல் ஒரு முறை. நடுவில் டிபெண்டபாட் என்ற தானியங்கி முதல் பத்து இடங்களுக்குள் உட்கார்ந்திருக்கும். மெயில்மேப் என்ற கோப்பை எழுதி இந்த இரட்டைகளை இணைத்து, தானியங்கிகளையும் கழித்தால் 137 என்பது நூறுக்குக் கீழே வந்தாலும் ஆச்சரியம் இல்லை. வேலை ஒரு மாலைப் பொழுதுதான், ஒரு முறை செய்துவிட்டால் அப்புறம் அவ்வப்போது சேர்த்தால் போதும். லினக்ஸ் இயங்குதளங்களின் மையமான லினக்ஸ் கருவே இந்தக் கோப்பைப் பராமரிக்கிறது.

விடுபடுகிறவர்களும் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு வேறொரு தளத்தில் நடந்து, வெளியீட்டுக்கு முன் ஒருவர் எல்லா மொழிகளையும் மொத்தமாக இறக்கிச் சேர்க்கும் திட்டங்களில், முந்நூறு பேரின் உழைப்பு அந்த ஒருவர் பெயரில் பதிவாகும். தமிழாக்கம் செய்தவர்கள் பலருக்கு இது பழகிப்போன சங்கதி. பிழை அறிக்கை எழுதியவர், ஆவணம் திருத்தியவர், வடிவமைப்பு செய்தவர், சந்தேகம் கேட்பவர்களுக்கு வருடக் கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் யாரும் கிட் கணக்கில் வரமாட்டார்கள்.

இணையதளம் அமைக்கும் இன்னொரு மென்பொருளான டிருபல் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. ஒரு பணி முடியும்போது, நிரல் எழுதியவரோடு சோதித்தவர், ஆலோசனை சொன்னவர் ஆகியோருக்கும் பராமரிப்பாளர் ஒரு மதிப்புக் குறி கொடுக்கிறார். அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனத்தின் பெயரையும் பங்களிப்பவர் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் அவர்களால் இப்படிச் சொல்ல முடிந்தது: 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரை 8,513 பேர், 1,137 நிறுவனங்கள். அதற்கு முந்தைய ஆண்டு 7,287 பேர், 1,002 நிறுவனங்கள். காலம் இருக்கிறது, வரையறை இருக்கிறது, போன வருடத்தோடு ஒப்பிட முடிகிறது. டிருபல் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்பதும் உண்மைதான். இந்த இரண்டில் எது அந்தச் சமூகத்தை உங்களுக்குக் காட்டுகிறது?

லினக்ஸ் கருவிலும் இதே போல இரண்டு எண்கள் உலவுகின்றன. 2020-இல் வந்த வரலாற்று அறிக்கை இதுவரை பங்களித்தவர்கள் 20,000-க்கும் மேல் என்றது. இரண்டரை மாதத்துக்குள் ஒன்றாக வரும் ஒவ்வொரு பதிப்பிலும் வேலை செய்கிறவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். முதலாவது நூல் முன்னுரைக்கு. இரண்டாவது முகப்புக்கு.

எத்தனை நாள் கணக்கு?

கால எல்லை வைப்பது என்று முடிவானால், எவ்வளவு என்ற கேள்வி வரும். 30 நாள் என்பது பெரிய தளங்களுக்குச் சரி. மாதம் பத்துப் பேர் பங்களிக்கும் திட்டத்தில் 30 நாள் கணக்கு தள்ளாடும். டிசம்பரில் பாதியாகும், அக்டோபரில், திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புகிறவர்களை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு வந்தால் இரட்டிப்பாகும். 2020-இல் டி-ஷர்ட் ஆசையில் வந்து குவிந்த உருப்படாத திருத்தங்களைத் தாங்க முடியாமல், விரும்பும் திட்டங்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று விதியையே மாற்றினார்கள். அந்த மாதத்தில் எடுத்த எண்ணை முகப்பில் வைத்தால் எப்படியிருக்கும்! சிறிய திட்டங்களுக்கு 12 மாதம் பொருத்தம். முறையாக வெளியீடு விடுகிற திட்டத்துக்கு "இந்தப் பதிப்பில்" என்பது இன்னும் அழகு, அந்தப் பட்டியல் எப்படியும் வெளியீட்டுக் குறிப்பில் இருக்கும்.

குறையக்கூடிய எண்ணை வைத்தால் அது குறையத்தான் செய்யும். தனித்தனிச் சேவையகங்களில் ஓடும், ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளமான மஸ்டொடான் இதை முழுசாக அனுபவித்தது. 2022 அக்டோபரில் மாதாந்தரப் பயனர்கள் சுமார் 3 லட்சம். ட்விட்டர் கைமாறியதும் ஏறி நவம்பருக்குள் 25 லட்சம். அப்புறம் வந்தவர்களில் நிறைய பேர் திரும்பிப் போனார்கள், எண் இறங்கியது. அவர்களுடைய தளம் சேவையகங்களின் எண்ணிக்கை, மொத்தக் கணக்குகள், மாதாந்தரப் பயனர்கள் ஆகிய மூன்றையும் காட்டுகிறது. எந்தத் தேதியில் எந்த முறையில் திரட்டியது என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது. இறங்குமுகத்தில் மூன்றாவதை எடுத்துவிட்டு மொத்தக் கணக்கை மட்டும் விட்டுவைப்பது எவ்வளவு சுலபம் என்று நினைத்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது: எண்ணும் கருவியின் இணைப்புக் கோளாறால் நூற்றுக்கணக்கான சேவையகங்கள் விடுபட்டிருந்தது தெரியவந்தது. சரிசெய்ததும் மாதாந்தரக் கணக்கில் 4 லட்சத்துக்கும் மேல் கூடியது. தானியங்கி எண்ணையும் அவ்வப்போது ஓர் ஆள் பார்க்க வேண்டும் என்பதற்கு அது போதும்.

எண்ணே இல்லாமல்

இதையும் மதிக்கத்தக்க தேர்வாகவே பார்க்கிறேன். எஸ்க்யூலைட் உலகத்திலேயே அதிகம் பரவிய தரவுத்தள எந்திரம். அவர்களுடைய பக்கம் எங்கெல்லாம் அது இருக்கிறது என்று வரிசைப்படுத்துகிறது: ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஒவ்வொரு ஐபோன், ஒவ்வொரு மேக், பெரும்பாலான உலாவிகள். எழுதுகிறவர்கள் மிகச் சிறிய குழு, வெளியார் நிரலை ஏற்பதும் இல்லை, அதையும் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் "பங்களிப்பாளர்கள்: 3" என்று பெட்டி போடுவது அபத்தம். யார் பயன்படுத்துகிறார்கள் என்று பெயர் சொல்வது எண்ணைவிட நன்றாக வேலை செய்கிறது. உங்கள் மென்பொருளை நான்கு நூலகங்களும் இரண்டு பல்கலைக்கழகங்களும் பயன்படுத்தினால், அனுமதி வாங்கி அந்தப் பெயர்களைப் போடுங்கள். "50+ நிறுவனங்கள்" என்பதைவிட அது கனமாக இருக்கும்.

புதிய திட்டத்துக்கும் எண் வேண்டாம். ஐந்து பேர் என்றால் ஐந்து பேரின் பெயரைப் போட்டுவிடலாமே.

வாக்கியம்

எந்த எண் என்று முடிவான பிறகு சொல்லும் விதம். எண்ணுக்குப் பின்னால் வரும் கூட்டல் குறி (+) எனக்கு ஒவ்வாது. அதிலும் 12,347+ என்று முழு எண்ணின் வாலில் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் எண்ணவும் செய்தார்கள், எண்ணியதை நம்பவும் இல்லை என்று தோன்றும். உருட்டிச் சொன்னால் "12,000-க்கும் மேல்", துல்லியமாகச் சொன்னால் தேதி. இரண்டில் ஒன்று.

தமிழிலும் முகப்பு வைக்கிறவர்கள் எண் வடிவத்தை நிரல் நூலகத்தின் கையில் விட்டுவிடக் கூடாது. உலகளாவிய மொழித் தரவான சிஎல்டிஆர் பொதுத் தமிழுக்கு 10,00,000 என்று பிரிக்கும். சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு 1,000,000 என்று பிரிக்கும். இதுவரை நல்லது. ஆனால் சுருக்க வடிவம் கேட்டால் 12,000 என்பதை "12ஆ" என்று கொடுக்கும். "12ஆ பங்களிப்பாளர்கள்" என்று படித்து யாருக்குப் புரியும்? இடம் இருந்தால் முழுதாக எழுதுங்கள். அப்புறம் ஒருமை, பன்மை: "1 பங்களிப்பாளர்கள்" என்று தமிழ்ப் பக்கங்களில் இன்னும் கண்ணில் படுகிறது. தமிழுக்கு இரண்டு வடிவம் உண்டு என்று அதே தரவில் இருக்கிறது, மொழிபெயர்ப்புக் கோப்பில் இரண்டையும் நிரப்பினால் சரியாகிவிடும்.

ஒரு நடுத்தரத் திட்டத்துக்கு நான் பரிந்துரைக்கும் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: "கடந்த 12 மாதங்களில் 86 பேர் நிரல், மொழிபெயர்ப்பு, ஆவணம் ஆகியவற்றில் பங்களித்தார்கள். 4 பேர் பராமரிக்கிறார்கள். (ஜூன் நிலவரம், எப்படி எண்ணினோம்?)" அடைப்புக்குறியில் உள்ள கேள்விக்கு ஓர் இணைப்பு, அதன் பின்னால் பத்து வரி விளக்கம், எண்ணிய நிரல். பயன்பாட்டு எண் நம்பகமாக இருந்தால் இரண்டாவது வரியாகச் சேர்க்கலாம், இல்லையென்றால் பெயர்கள். பதிவுக் கணக்கும் நட்சத்திரமும் வேண்டாம். நான்கு பெட்டி வரைந்தவரிடம் இரண்டு போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கடம். ஏற்கெனவே "10,000+ உறுப்பினர்கள்" என்று இருக்கும் இடத்தில் 86 என்று மாற்றப் போனால் குழுவில் கட்டாயம் ஒருவர் "திட்டம் செத்துவிட்டது என்று நினைப்பார்களே" என்பார். நியாயமான கவலை. ஒரு வெளியீடு வரைக்கும் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்: "10,000-க்கும் மேற்பட்ட கணக்குகள், அதில் இந்த ஆண்டு பங்களித்தவர்கள் 86 பேர்." அடுத்த வெளியீட்டில் முதல் பாதியை எடுத்துவிடலாம். மாற்றிய காரணத்தை வெளியீட்டுக் குறிப்பில் இரண்டு வரி எழுதுங்கள். எண்ணை மறுபடி எடுக்க வேண்டிய நாளையும் வெளியீட்டுச் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். யார் பொறுப்பு என்ற பெயரோடு.